தங்கச்சியின் பானையைவிடப் பெரிய பானை

என் தங்கை லண்டனுக்கு வந்தபோது ஸ்ட்ரெதமில் எங்கள் சின்ன பிளாட்டில்தான் தங்கினாள். விமான நிலையத்துக்குப் போய் அவளைக் கூட்டி வந்தது நான். குளிர்கோட்டு வாங்கிக் கொடுத்தது நான். எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்குவதென்று காட்டிக் கொடுத்ததும் நான்தான். சமையலையும் என்னிடமே பழகினாள். முதல் கிழமை அவள் வைத்த பருப்பு அடிப்பிடித்துச் சட்டியையே எறிய வேண்டியதாயிற்று. அதே தங்கை, கலியாணம் முடித்துக் குட்மேய்ஸில் சொந்த வீடு வாங்கி, அந்த வீட்டின் பின்வளவில் அடுப்போடு சேர்த்து ஆள் இடுப்பளவு வரும் பானை ஒன்றுக்குப் பக்கத்தில் நின்று சொந்தக்காரர் எல்லாருக்கும் சமைத்துப் போட்டதை நான் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பார்க்க வேண்டி வந்தது. அது எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடைகாலம்.

அவளுடைய கணவருக்கு ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. அங்கே தலைமைச் சமையல்காரராக இருந்தவர் அமெரிக்காவின் தென்பகுதி ஆள். அவருடைய ஊரில் வசந்தகாலம் வந்தால் வீட்டுக்கு வீடு பின்வளவில் அடுப்பு மூட்டி, பெரிய பானையில் கிரேஃபிஷ் அவிப்பார்களாம். கிரேஃபிஷ் என்பது பார்வைக்கு எங்கள் சிங்கிறால்தான். ஆனால் விரல் நீளம், ஆற்றிலும் குளத்திலும் வளர்வது. கொதிக்கிற நீரில் உப்பு, மிளகாய்த்தூள், உள்ளிப்பூண்டு, எலுமிச்சை எல்லாம் போட்டு, உருளைக்கிழங்கையும் சோளத்தையும் முதலில் அவித்து, கடைசியில் உயிரோடு இருக்கிற கிரேஃபிஷைக் கொட்டுவார்கள். வெந்ததும் வடித்து, பேப்பர் விரித்த மேசையில் அப்படியே குவித்துவிடுவார்கள். சாப்பாட்டுக் கோப்பை கிடையாது, கரண்டி கிடையாது. எல்லாரும் சுற்றி நின்று ஓட்டை உடைத்துச் சாப்பிடுவதுதான். அந்த மனிதர் ஊருக்குத் திரும்பியபோது தன் பானையையும் அடுப்பையும் தங்கையின் கணவரிடம் விட்டுப் போனார்.

அன்று தங்கை பானைக்குள் இருந்த, சுற்றிவரத் துளை போட்ட ஓட்டைக் கூடையைத் தூக்கினாள். நீர் சளசளவென்று வடிய, கூடைக்குள் எல்லாம் செக்கச்செவேலென்று இருந்தன. சனம் கை தட்டியது. என் கணவர் பெற்றோல் செட்டில் இரவு ஷிப்ட் முடித்து, நித்திரை இல்லாமல் வந்தவர். வீட்டில் நான் என்ன வைத்தாலும் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போகிறவர், அன்று சேட்டுக் கையை மடித்துவிட்டு, வாய், நாடி எல்லாம் மிளகாய்த் தண்ணி வழிய நின்றார்.

"லண்டனுக்கு வந்து இப்பிடி ஒரு சாப்பாடு நான் சாப்பிடேல்லை," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

தங்கை சிரித்தாள். "சும்மா போங்கோ அத்தான். அக்காட கைப்பக்குவம் வருமோ?"

அதை அவள் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு எரிந்திராது.

திரும்பி வரும்போது ரயிலில் பிள்ளைகளும் அந்தக் கதைதான். சித்தி வீட்டில் அப்படி, சித்தி வீட்டில் இப்படி. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எங்களுக்குப் பின்வளவு இல்லை; இருந்திருந்தால் நானும் செய்திருப்பேன் என்று மனதைச் சமாதானப்படுத்தினேன். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று கோடைகளுக்கு அவள் வளவுக்குப் போய், சாப்பிட்டு, நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு கவுன்சில் எங்களுக்கு வீடு மாற்றித் தந்தது. அதே ஸ்ட்ரெதமில், ஒரு வரிசையின் கடைசி வீடு, பின்னால் ஒரு துண்டுப் புல்தரை. திறப்பை வாங்கிக் கதவைத் திறந்து வீட்டுக்குள் போனதும் மற்றப் பெண்கள் குசினியைப் பார்ப்பார்கள். நான் நேரே பின்கதவைத் திறந்து, பானையை எங்கே வைக்கலாம் என்று பார்த்தேன்.

தங்கையிடம் கேட்டிருந்தால் என்ன வாங்குவது, எங்கே வாங்குவது என்று எல்லாம் சொல்லியிருப்பாள். ஆனால் அவளிடம் கேட்டுச் செய்தால் அது அவளுடைய பானைதானே. ஒரு நாள் அவள் வீட்டில் மகனுக்குப் பிறந்தநாள். எல்லாரும் கேக் வெட்டப் போன நேரம் பார்த்து, வளவு மூலையில் இருந்த மரக் கொட்டிலுக்குள் புகுந்தேன். பானை ஒரு மேசைக்குக் கீழே கவிழ்ந்து கிடந்தது. குனிந்து சாணால் அளந்துகொண்டிருக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது.

"என்னக்கா தேடுறியள்?"

"கதிரை காணாது எண்டு பார்த்தனான்."

அவள் பானையைப் பார்த்தாள், தரையில் விரித்திருந்த என் கையைப் பார்த்தாள். "அக்கா, வேணுமெண்டா இதைக் கொண்டுபோங்கோ. அடுப்பும் கிடக்கு. ஆண்டுக்கு ஒருக்காத்தானே நாங்கள் எடுக்கிறது."

"எனக்கு என்னத்துக்கு உது?" என்று சொல்லிவிட்டுக் கேக் சாப்பிடப் போனேன்.

அடுத்த சனிக்கிழமை வெம்பிளிக்குப் போனேன். அங்கே குஜராத்திக்காரர் ஒருவரின் பாத்திரக்கடை. கலியாணத்துக்கும் கோயிலுக்கும் வேண்டிய பெரிய பாத்திரங்கள் கூரைவரை அடுக்கி இருக்கும். எவர்சில்வரா, அலுமினியமா என்று கடைக்காரர் கேட்டார். எவர்சில்வர் பளபளவென்று இருந்தாலும் அடி மெல்லிசு. கிழங்கு பிடித்துவிடும் என்று எனக்குப் பட்டது. அலுமினியத்தில் தடித்த அடியோடு ஒன்று காட்டினார். தங்கையின் பானை உயரம், இது அகலம். சாண் வைத்துப் பார்த்தேன். அவளுடையதும் இதுவும் ஏறக்குறைய ஒரே அளவு.

"இதைவிடப் பெரிசு இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வீட்டிலே கலியாணமா?"

"ஓம்," என்றேன்.

இருந்ததிலேயே பெரியதைத்தான் வாங்கினேன். ஓட்டைக் கூடை அந்த அளவுக்கு அவரிடம் இல்லை. அதற்குப் பதிலாக நீளப் பிடி போட்ட பெரிய அரிகரண்டி ஒன்றைத் தந்தார். பானையை ரயிலில் கொண்டுவந்த கதையைச் சொல்லவே வேண்டாம். இருக்கையில் வைக்க இடம் இல்லாமல் கதவடியில் வைத்துக்கொண்டு நின்றேன்; ஏறி இறங்குகிற எல்லாரும் அதற்குள் எட்டிப் பார்த்தார்கள்.

அடுப்பு வாங்கக் கூடாரச் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். கடைப் பையன் இரண்டு மூன்று காட்டினான். பெரும்பாலானவை தேத்தண்ணி வைக்கத்தான் ஆகும். ஒன்று மட்டும் மூன்று காலோடு, வார்ப்பு இரும்பில், வட்ட வட்டமாகத் துளையோடு இருந்தது. "இது எவ்வளவு தண்ணியைக் கொதிக்க வைக்கும்?" என்று கேட்டேன். "நல்லாக் கொதிக்கும் மேடம்," என்றான். என் பானையைப் பற்றி நான் சொல்லவில்லை. அடுப்போடு வந்த குழாய் நீலக் காஸ் சிலிண்டருக்குப் பொருந்தும் என்றான். கணவர் தன் பெற்றோல் செட்டில் இருந்து ஒரு நீலச் சிலிண்டர் கொண்டுவந்தார்.

பானையைக் கண்டதும் அவர் சிரித்தார். "இஞ்சரும், இதுக்குள்ளை நீரும் நானும் இருந்து குளிக்கலாம்."

"வாற ஞாயிறு பாருங்கோவன்," என்றேன்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் தங்கையின் வீட்டை நாட வேண்டி இருந்தது. கிரேஃபிஷை யாரிடம் எடுப்பதென்று அவள் கணவருக்குத்தான் தெரியும். போன் எடுத்துக் கேட்டேன். அவர் ஒரு கேள்வி கேட்காமல், "நான் கொண்டுவாறன் அக்கா," என்றார். எல்லாரையும் கூப்பிட்டேன். குட்மேய்ஸுக்கு வந்த ஒருவரையும் விடவில்லை.

அன்று நல்ல வெயில். பானையைப் புல்தரை நடுவில் நிறுத்தி, ஹோஸ் பைப்பால் நீர் நிரப்பி, அடுப்பைப் பற்றவைத்தேன். வந்தவர்கள் எல்லாரும் பானையைச் சுற்றி வந்து பார்த்தார்கள். "அம்மாடி, தங்கச்சியின்ரையை விடப் பெரிசு போல கிடக்கு," என்று ஒரு மாமி சொன்னபோது எனக்கு வயிறு குளிர்ந்தது. தங்கையும் வந்து பார்த்தாள். குனிந்து அடுப்பைப் பார்த்தாள். அதன் வளையம் பானையின் அடியில் ஒரு வெற்றிலை அளவுக்குத்தான் தெரிந்தது.

நீர் சூடாகியது. கை வைக்க ஏலாத சூடு வந்தது. அதோடு நின்றுவிட்டது. காற்று வேறு அடித்து, நெருப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கணவர் ஒரு பழைய கதவைக் கொண்டுவந்து மறைப்புக் கட்டினார். அப்போதும் ஒரு குமிழி எழும்பவில்லை. பிள்ளைகள் பசி என்று அழத் தொடங்கின. பெரியவர்கள் ரோல்ஸையும் வடையையும் தின்று முடித்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார்கள். இதற்கிடையில் யாரோ தங்கையின் கணவர் கொண்டுவந்த பெட்டியைத் திறந்துவிட, கிரேஃபிஷ் புல்லுக்குள் இறங்கி நடக்கத் தொடங்கியது. பக்கத்து வளவு வெள்ளைக்காரப் பெண் வேலிக்கு மேலால் பார்த்து, "இவை உங்கள் செல்லப் பிராணிகளா?" என்று கேட்டாள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் சிரிக்கவில்லை. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஒன்று பெருவிரலைக் கவ்வி இரத்தம் வந்தது.

தங்கை எனக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, இவ்வளவு தண்ணிக்கு இந்த அடுப்பு காணாது. உள்ளுக்கை கொண்டுபோய்ப் பிரிச்சு அவிப்பம்."

"கொஞ்சம் பொறு. கொதிக்கும்."

"கொதியாது அக்கா."

நான் பதில் சொல்ல முதல் அவள் உள்ளே போய்விட்டாள். என் அலுமாரியைத் திறந்து, நான் கறி வைக்கிற சட்டி, சோறு வைக்கிற பானை, பிட்டுப் பானை எல்லாம் இறக்கி, நாலு அடுப்பையும் மூட்டினாள். ஆட்களைப் பிடித்து வாளியில் சுடுதண்ணி அள்ளுவித்தாள். உப்பு எங்கே, உள்ளி எங்கே என்று ஒருவரையும் கேட்கவில்லை. வீடு மாறினாலும் என் குசினியில் என்ன எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். அடுக்கப் பழக்கியவள் நான்தானே. ஒவ்வொரு சட்டியாக வெந்து வெந்து வெளியே போனது. நான் வாசலில் நின்று கோப்பைகள் எடுத்துக் கொடுத்தேன்.

சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. போகும்போது எல்லாரும் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "தங்கச்சி இருந்தபடியால் தப்பினியள்."

கணவரும் அதையே சொன்னார். திரைச்சீலையில் ஏறிய மணம் நாலு தரம் தோய்த்தும் போகவில்லை. அந்த மணம் வரும்போதெல்லாம், என் அடுப்புக்கு முன்னால் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்ற அவளுடைய முதுகுதான் எனக்கு முன்னால் வந்து நின்றது.

பானையை விற்றுவிடச் சொன்னார் கணவர். நான் விற்கவில்லை. மாரிகாலம் முழுக்க எனக்கு அதே யோசனை. ஒரு நாள் எங்கள் தெருவில் கூரை போடுகிறவர்கள் தார் காய்ச்சிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் மூட்டிய அடுப்பு விமானம் கிளம்புகிற மாதிரி இரைந்தது. சுப்பர்மார்க்கெட்டில் என் ஷிப்டுக்கு நேரம் போய்விட்டது என்று தெரிந்தும் நின்று பார்த்தேன். சிவப்புச் சிலிண்டர். நீலத்தில் அந்த வேகம் வராது என்று ஒருவன் சொன்னான். இந்த அடுப்பை எங்கே எடுக்கலாம் என்று கேட்டேன். அவன் கூட்டாளியைப் பார்த்துச் சிரித்தாலும் இடத்தைச் சொன்னான். கட்டடச் சாமான் விற்கிற ஒரு களஞ்சியம். தார் படாத புது அடுப்பு, அகலமான வளையம், சுற்றிவரத் தகட்டு மறைப்பு. கூடையும் செய்வித்தேன். ஹோட்டல்களுக்குத் தட்டுகள் செய்கிற ஒரு பட்டறையில் என் பானையையே கொண்டுபோய் வைத்து, அதற்குள் அளவாக இறங்குகிற மாதிரி எவர்சில்வரில் ஒன்று, இரண்டு கைபிடியோடு.

மறு கோடையில் திரும்பவும் எல்லாரையும் கூப்பிட்டேன். சிலர் வீட்டில் சாப்பிட்டுவிட்டே வந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். தங்கை வரவில்லை. இரண்டாவது பிள்ளை வயிற்றில்; இறால் மணம் பட்டாலே குமட்டிச் சத்தி எடுப்பாள். அவளுடைய கணவர் மட்டும் கிரேஃபிஷ் பெட்டியோடு வந்தார்.

அடுப்பைப் பற்றவைத்ததும் பிள்ளைகள் பயந்து பின்னுக்குப் போனார்கள். தேத்தண்ணி குடித்து முடிய முதல் நீர் தளதளவென்று கொதித்து, மூடி ஆடியது. கிழங்கு, சோளம், பிறகு கிரேஃபிஷ். நானும் கணவரும் ஆளுக்கொரு பிடியாகக் கூடையைத் தூக்கினோம். ஒன்றும் அடியில் தங்கவில்லை, ஒன்றும் குழையவில்லை. மேசையில் கொட்டியபோது சனம் கை தட்டியது. தங்கையின் கணவர் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து, குழாயைத் தொட்டுப் பார்த்தார். என் கணவர் விரலைச் சூப்பிக்கொண்டே, "திறம்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "பாவம், தங்கச்சியும் வந்திருக்கலாம்," என்றார். அந்தக் கணத்திலும் அவளுடைய பேர் இல்லாமல் எனக்கு ஒரு பாராட்டு வரவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் தங்கை போன் எடுத்தாள்.

"எப்பிடி அக்கா? கொதிச்சதோ?"

"கொதிச்சது."

"கெதியாவோ?"

"ஓம், நல்ல கெதி. தேத்தண்ணி குடிச்சு முடிய முதல்."

பிறகு, "இவர் வந்து ஒரே உங்கட அடுப்புக் கதைதான். எங்கடை கிழடு தட்டிப்போச்சாம். கூடையும் எங்கடையை விடத் திறமாம்," என்றாள். சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு சரியாக வரவில்லை. அவளைப் பிறந்த நாளில் இருந்து எனக்குத் தெரியும். அந்தக் குரலில் அவள் என்னோடு பேசியது அதுதான் முதல் தரம். எனக்கு நெஞ்சுக்குள் இனிப்புத் தின்ற மாதிரி இருந்தது.

"அக்கா, அந்த அடுப்பு எங்கை எடுத்தனியள்? பிள்ளை பிறந்த பிறகு நாங்களும் ஒண்டு வாங்குவம் எண்டு பாக்கிறம்."

களஞ்சியத்தின் ரசீது குளிர்பெட்டிக் கதவில் என் கண்ணுக்கு முன்னால்தான் ஒட்டியிருந்தது.

"எங்கையோ ஒரு இடத்திலை," என்றேன். "ஞாபகமில்லையடி. தேடிப் பாத்துச் சொல்றன்."