பூ வக்கீல்

கோர்ட் வராந்தாவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் விசாரித்து நான் கேட்டதில்லை. "பூ வக்கீல் வந்தாச்சா?" என்பார்கள். கேட்கிற வாயில் ஒரு நக்கல் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வக்கீலம்மாவிடம் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். அவருக்கோ உறைக்காது. கஞ்சா வழக்கு எது வந்தாலும் போலீஸ்காரரைக் கூண்டில் ஏற்றி, "மூட்டையில பூ இருந்துச்சா?" என்றுதான் ஆரம்பிப்பார். அப்படி வந்த பெயர் அது.

போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்றால் முழுச் செடி அல்ல. பூத்த நுனி, காய்த்த நுனி, அவ்வளவுதான். மற்ற வக்கீல்கள் மூட்டையே தங்கள் ஆளுடையது இல்லை என்று சாதித்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவர் மட்டும் மூட்டைக்குள் தலையை விடுவார்.

வேன் டிரைவர் ஒருவரின் வழக்கு சட்ட உதவி மையம் வழியாக எங்களிடம் வந்தது. மழை நாளில் யாரோ அவசர அவசரமாகச் செடிகளைப் பிடுங்கி மூட்டை கட்டி அவர் வேனில் ஏற்றியிருக்கிறார்கள். என்ன சரக்கு என்று தெரிந்தேதான் அவரும் ஓட்டினார். வழியில் பிடித்த போலீசார், வேரும் சேறுமாக மூட்டையை அப்படியே தராசில் தூக்கி வைத்துவிட்டார்கள். முள், சட்டம் வகுத்திருக்கிற பெரிய அளவைத் தாண்டிவிட்டது. அந்த அளவுக்கு மேலே போனால் பத்து வருஷத்துக்குக் குறையாது. கீழே நின்றால், விசாரணைக் கைதியாக அவர் ஏற்கெனவே உள்ளே கழித்த காலமே ஏறக்குறைய போதும்.

வாய்தா தவறாமல் அவருடைய அக்கா வருவார். டிரைவரின் தாயில்லாப் பெண் குழந்தை அந்த அக்காவிடம்தான் வளர்ந்தது. ஒருநாள் எங்கள் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார்: "அப்பா லோடு போயிருக்கார்னு பிள்ளைகிட்ட சொல்லி வச்சிருக்கேன்மா. பத்து வருஷத்துக்கு எந்த ஊருக்கும்மா லோடு போகும்?"

வக்கீலம்மா தலையைத் தூக்காமல் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கல்நெஞ்சம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

வாதத்துக்கு முன்னால் எங்களுக்குள்ளேயே ஒரு சண்டை. கஞ்சா எது என்று சட்டம் சொல்லும் விளக்கத்துக்கு இன்னொரு பாதி உண்டு. இலையும் விதையும் தனியாக இருந்தால் கணக்கில்லை, பூ நுனியோடு சேர்ந்து வந்தால் கணக்கு. எங்கள் மூட்டையில் பூ இருந்தது. ஆக இலையும் உள்ளே வந்துவிடும். முதல் பாதியைப் படித்துவிட்டு உட்காருங்கள், மிச்சத்தை எதிர்த்தரப்பு கண்டுபிடித்தால் கண்டுபிடிக்கட்டும் என்று நான் கெஞ்சினேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வானேன்?

"பாதிய நான் ஒளிச்சா, அப்புறம் நான் சொல்ற எதையும் ஜட்ஜ் நம்ப மாட்டார் அண்ணே," என்றார்.

நீதிமன்றத்தில் எழுந்து முழுவதையும் நிறுத்தி நிதானமாகப் படித்தார். அரசுத் தரப்பு வக்கீல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த அழகைப் பார்க்க வேண்டுமே, பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அதன் பிறகு வக்கீலம்மா, இலையைத் தாம் கேட்கவில்லை, பூவோடு வந்த இலை அரசுக்கே இருக்கட்டும் என்றார். தண்டும் வேரும் மண்ணும் எந்த வரியில் இருக்கிறது, அதை மட்டும் காட்டச் சொன்னார். மூட்டையை இங்கேயே பிரித்துப் பார்க்க அனுமதியும் கேட்டார்.

நீதிபதி ஒப்புக்கொண்டார். கூடத்தின் நடுவில் தார்ப்பாய் விரித்து, மூட்டையின் முத்திரையை உடைத்துக் கொட்டினார்கள். நாற்றம் தாங்காமல் முன்வரிசை மொத்தமும் பின்வாங்கியது. இலையும் பூவும் எப்போதோ நொறுங்கித் தூளாகிப் போயிருந்தன. தண்டு மட்டும் விறகு போல விறைத்துக் கிடந்தது. வேர்களில் சேறு காய்ந்து கட்டி கட்டியாகப் பிடித்திருந்தது.

எல்லாமே காய்ந்து எடை இறங்கிவிட்டது, இப்போது எடை போட்டு என்ன பயன் என்று அரசுத் தரப்பு ஆட்சேபித்தது. அது நியாயமான ஆட்சேபம், எனக்கே வியர்த்துவிட்டது. வக்கீலம்மா தயங்கவே இல்லை. மண்ணில் மட்டுமா ஈரம் இருந்தது, எல்லாவற்றிலும்தானே, அதனால் எடையை விட்டுவிட்டுப் பங்கைப் பார்க்கலாம் என்றார். தண்டையும் வேரையும் பிரித்து, மண்ணைச் சலித்துத் தனித்தனியாக நிறுத்தார்கள். பாதிக்கு மேல் விறகும் மண்ணும்தான்.

தீர்ப்பில் நீதிபதி அந்தப் பங்கைக் கழித்தார். மீதி, பெரிய அளவைத் தொடவில்லை. தமக்கு எதிரான பாதியையும் மறைக்காமல் படித்தவரின் கணக்கைச் சந்தேகிக்கக் காரணமில்லை என்று ஒரு வரியும் எழுதியிருந்தார். அதை நான் எத்தனை பேரிடம் வாசித்துக் காட்டினேன் என்று கேட்காதீர்கள்.

தம்பியைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். வக்கீலம்மா அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினார். "காப்பாத்தலம்மா. செஞ்ச தப்புக்கு அவர் தண்டனை அனுபவிக்கத்தான் செய்றார். மண்ணுக்கும் சேர்த்து அனுபவிக்க வேண்டாம்னுதான் கேட்டேன்."

பாக்கியிருந்த கொஞ்ச நாளையும் முடித்துவிட்டு டிரைவர் வீடு திரும்பினார். அடுத்த வாரம் அக்கா அலுவலகத்துக்கு வந்தபோது நாங்கள் வேறொரு மூட்டையின் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளை அப்பாவை அடையாளம் கண்டுகொண்டதா என்று நான்தான் கேட்டேன்.

"கதவு ஓரமா நின்னு ரொம்ப நேரம் பாத்துச்சு. அப்புறம், 'லோடு எறக்கியாச்சாப்பா?'ன்னு கேட்டுச்சு."

வக்கீலம்மா புத்தகத்தை மூடினார். பக்கத்தில் அடையாளம் வைக்க மறந்துபோய் மூடினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

"அவர் என்ன சொன்னார்?" என்றார்.

"எறக்கியாச்சுன்னான்மா."