தனுஷ்கோடி அண்ணாச்சி காட்டிய கல்லூரி

தனுஷ்கோடி அண்ணாச்சியின் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஒன்று எழுதாது. எழுதுகிற பேனாவை யாருக்கும் இரவல் தரமாட்டார். பத்தாம் வகுப்பில் இரண்டு முறை தவறியவர். எங்கள் செட்டியார்பட்டித் தெருவில் எந்தப் பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்று சொல்கிறவர் இன்று அவர்தான். நானும் எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் நான் யாருக்கும் யோசனை சொல்லக் கிளம்புவதில்லை.

முன்பு ராஜபாளையத்தில் ஒரு மில்லில் டைம்கீப்பராக இருந்தார். பிந்தி வருகிறவர்களைக் கேட்டில் நிறுத்தி உபதேசம் செய்வார். அந்த வேலை போன பிறகு மனை காட்டினார். பிறகு மாப்பிள்ளை காட்டினார். இப்போது மே மாதம் வந்தால் காலேஜ் காட்டுகிறார். காட்டுவதோடு அவர் வேலை முடிந்துவிடும். அப்புறம் பாடுபடுவது பார்த்தவர்கள்தான்.

என் மகள் ஷெரினுக்கு நுண்ணுயிரியல் படிக்க ஆசை. போன வருடம் அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தோம். கலந்தாய்வுக்கு இன்னும் ஐந்து நாள். அதற்குள் அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார்.

"கவர்மெண்ட் காலேஜா? எம்புட்டுக் கூட்டம் தெரியுமா தங்கச்சி? கிடைக்கலன்னா பிள்ளை ஒரு வருசம் வீட்டுல உக்காரணும். நாளைக்குக் கார்ல வாங்க, மூணு காலேஜ் காட்டுதேன். ஒரிஜினலையும் எடுத்துக்கோங்க, சும்மா பாத்துட்டுத் தருவாங்க."

ஆலங்குளம் பக்கம் லாரி ஓட்டும் என் கணவர் பெலிக்ஸ், "அவிய கூப்பிடுதாவள்ள, போய்த்தான் பாரேன்" என்றார். மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் இருந்த ஃபைலை எடுத்துக்கொண்டு போனேன். அது என் தப்பு.

முதல் கல்லூரியில் தண்ணீர் இல்லாத நீரூற்றைக் காட்டினார்கள். இரண்டாவதில் வரிசையாக நிறுத்திய பஸ்களைக் காட்டினார்கள். மூன்றாவது ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் இருந்தது. வாசலில் இரண்டு மாணவிகள் பட்டுச்சேலை கட்டி, சந்தனமும் கல்கண்டும் வைத்துக்கொண்டு நின்றார்கள். கல்யாண மண்டபத்துக்குத் தவறி வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். படமெடுத்துக்கொள்ள நெகிழியில் இதயம் செய்து வைத்திருந்தார்கள். ஷெரின் அதற்குள் நின்று சிரித்தாள்.

சுற்றிக் காட்டிய மேடம் ஆய்வகத்தில் கண்ணாடி அலமாரி முன் நின்றார். "மூணு வருஷமா இந்தக் கோர்ஸ் நடக்குது. மைக்ராஸ்கோப் மட்டும் இருபது இருக்கு" என்றார்.

உள்ளே இருபது அட்டைப்பெட்டிகள் இருந்தன. நான் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி கம்பெனியில் பதினோரு வருடமாகப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிறவள். பிரித்து ஒட்டிய பெட்டி எது, பிரிக்காத பெட்டி எது என்பதைத் தூர நின்றே சொல்வேன். டேப் பழுத்து, ஓரம் சுருண்டிருந்தது. ஒரு பெட்டியிலும் கத்தி பட்ட கோடு இல்லை.

புது இடத்தில் எனக்கு வாய் திறக்காது.

ஆபீசில் உட்கார்ந்ததும் அண்ணாச்சி என் மடியிலிருந்த ஃபைலை எடுத்து மேசையில் வைத்தார். "ஒரிஜினல் இங்க இருந்தாத்தான் சீட்டு உறுதி. கையெழுத்துப் போடுங்க" என்று பேனாவை நீட்டினார். எழுதுகிற பேனா. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது.

"எப்பத் திருப்பித் தருவாங்க?"

"படிச்சு முடிக்கவும் பத்திரமாத் தருவாங்க. நான் இருக்கேம்லா."

அப்படியென்றால் கலந்தாய்வுக்கு வெறுங்கையோடு போக வேண்டும். ஒரிஜினல் இல்லாதவளை அங்கே யார் சேர்ப்பார்கள்?

"அந்த மைக்ராஸ்கோப் பெட்டி ஒண்ணைப் பிரிச்சுக் காட்டுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

"எம்மா, சும்மா இரு" என்று ஷெரின் என் முழங்கையைக் கிள்ளினாள்.

மேடம் சிரித்தார். "சாவி லேப் அசிஸ்டென்ட்கிட்ட இருக்கும்மா. அவர் இன்னைக்கு லீவு."

"மூணு வருசமாவா?"

மேடத்தின் சிரிப்பு நின்றது. ஷெரினின் கிள்ளலும் நின்றது.

"தங்கச்சி, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது" என்றார் அண்ணாச்சி.

"படிப்பு தெரியாது அண்ணாச்சி. பெட்டி தெரியும்."

ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அண்ணாச்சியின் காரில் வேறு ஆட்கள் வருகிறார்களாம், எங்களுக்கு இடம் இல்லையாம். பஸ்ஸில் வந்தோம். மம்சாபுரம் விலக்கு தாண்டியதும் ஷெரின் என் பக்கம் திரும்பினாள். "கவர்மெண்ட் காலேஜ்லயும் கிடைக்கலன்னா?" என்றாள்.

"அடுத்த ரவுண்டுக்குப் போவோம். பேப்பர் நம்ம கையில இருக்குல்லா."

கலந்தாய்வில் முதல் நாளே சீட்டு கிடைத்தது. அரசுக் கல்லூரி ஆய்வகத்தில் சுவரில் காரை பெயர்ந்திருந்தது. மைக்ராஸ்கோப்பின் திருகில் பிள்ளைகள் கை பட்டுப் பட்டுக் கறுப்புச் சாயம் போயிருந்தது. அங்கே யாரும் கல்கண்டு தரவில்லை.

இந்த வருடம் மே மாதம் அண்ணாச்சி ஒரு தாயையும் மகளையும் என் வீட்டுக்கே கூட்டி வந்தார். "ஷெரினுக்கு யாரு சீட்டு வாங்கிக் குடுத்தான்னு நீங்களே கேளுங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, வெட்கமே இல்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். பையில் அதே இரண்டு பேனா.

அந்த அம்மா வாசலிலேயே நின்றார். மார்போடு ஒரு ஃபைலை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அண்ணாச்சிகூடப் போய் எல்லாத்தையும் பாருங்க மதினி" என்றேன். "ஃபைலை மட்டும் இங்க வச்சிட்டுப் போங்க. வரும்போது வாங்கிக்கிடலாம்."