சூசை கேட்ட அசல்

சூசையை அவன் அம்மையின் அடக்கத்துக்கு வரவிடாமல் செய்தவன் நான்தான். கடல் அல்ல, போன் அல்ல... நான்!

மணவாளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். கடல்தொழில் செய்யும் சூசை என் பள்ளிக்கூடத் தோழன். தன் மீனவர் அடையாள அட்டையை லேமினேஷன் செய்யக் கொடுத்துவிட்டுப் போனான். முதலில் ஸ்கேன் செய்தேன். பிறகு மெஷினில் விட்டுவிட்டு, யாரிடமோ வாயடித்துக்கொண்டு நின்றேன். உருளையில் சுற்றிக் கருகிக் கிழிந்தே வந்தது.

தவறிப்போச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ஊரில் எனக்குப் பெரிய கம்ப்யூட்டர்காரன் என்று பெயர். அதற்குக் குறைச்சல் வந்துவிடுமாம்... மானங்கெட்டவன் நான்!

அட்டையை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். ஸ்கேன் செய்த படத்தை அவன் போனில் ஏற்றிக் கொடுத்தேன்.

“இனி பேப்பர் ஒண்ணும் வேண்டாம் மக்கா, எல்லாம் போன்ல உண்டு. அசல் எங்கிட்ட பத்திரமா கெடக்கட்டு. கடல்ல கொண்டுபோனா நனையும்.”

“நீ சொன்னா சரிதாம்லே” என்று போனான்.

இரண்டே வாரம். இயந்திரம் பழுதாகி, அவர்களுடைய விசைப்படகைக் கடலோரக் காவல்படையினர் அடுத்த மாநிலத் துறைமுகத்துக்கு இழுத்துப் போனார்கள். மற்றவர்கள் பிளாஸ்டிக் உறையில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்த அட்டைகளை அவிழ்த்து நீட்டினார்கள். அவர்களை அன்றைக்கே விட்டுவிட்டார்கள். சூசையின் கையில் உப்புத்தண்ணீர் குடித்த போன்தான் இருந்தது; அவனை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

இரவல் போனில் அழைத்தான். “அம்மை வய்யாம கெடக்கா மக்கா. நகல் ஒண்ணும் செல்லாதுன்னு சொல்லுகானுவ. மச்சான் பஸ் ஏறப் போறான், அசலைக் குடுத்துவிடு.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா உங்களுக்கு? மேசைச் சாவி தொலைந்துவிட்டதாம்! சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது.

மூன்றாம் நாள் அம்மை கண்ணை மூடினாள். ஒரு பகல், ஓர் இரவு வைத்துப் பார்த்தார்கள். மகன் வரவில்லை. ‘நீயும் அவளுக்கு மகன் மாதிரிதானே’ என்று என்னைப் பெட்டி தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன்! குழியில் அவன் போடவேண்டிய முதல் பிடி மண்ணையும் நானே போட்டேன். அந்தக் கைதான் இதை எழுதுகிறது.

ஊரிலிருந்து பங்குச் சாமியார் கொடுத்த சான்றும் மற்ற தாள்களும் போய்ச் சேர்ந்து, அவனை விட்டபோது அடக்கம் முடிந்து இரண்டு நாள். கல்லறைக்குப் போய்விட்டு நேரே என் கடைக்கு வந்தான். சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன்... என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான்.

“நீயாவது நின்னியே மக்கா, அது போதும்.”

அசல் எங்கே என்றதற்கு, பூட்டை உடைத்துப் பார்த்தேன், கரையான் அரித்துக் கிடந்தது என்றேன். அதையும் நம்பினான். இன்னும் எத்தனை பொய்தான் எனக்குள் இருக்கிறது?

நேற்று புது அட்டையோடு வந்தான்.

“லேமினேஷன் போட்டுத் தாலே. வேற ஆரு கையிலயும் இதைக் குடுக்க மனசில்ல.”

கண்ணெடுக்காமல் நின்று போட்டுக் கொடுத்தேன். பழையது, கருகிய அவன் முகத்தோடு, இழுப்பறையில்தான் கிடக்கிறது. சாவி என் பையில் இருக்கிறது.