அசையாமல் இருந்தால் வரும் பறவைகள்

முதலில் என் மகள் வனஜாவுக்கு வலது முழங்கால் வீங்கியது. பாண்டி ஆடியதில் சுளுக்கு என்று எண்ணெய் தடவினேன். மறுநாள் வீக்கம் வடிந்து, வலி இடது கணுக்காலுக்குப் போயிருந்தது. கூடவே காய்ச்சல். உங்கள் பிள்ளைக்கும் வலி இப்படி இடம் மாறினால் எண்ணெயோடு நிற்காதீர்கள்.

மருத்துவர் அவள் மார்பில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார். வாதக் காய்ச்சல் (தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கும் நோய்) என்றார். இதயத்தின் ஒரு வால்வில் (ரத்தம் திரும்பி வராமல் தடுக்கும் கதவு) கசிவு இருந்தது.

"முழுப் படுக்கை. எழுந்து ஓடினா இதயம் தாங்காதும்மா."

"எத்தனை நாளுங்க?"

"நாளா? மாசக்கணக்குல ஆகும்."

அவளுக்குப் பன்னிரண்டு வயது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டின் முன்னறை முழுக்கக் கணவரின் தறி. பின்கதவை ஒட்டிக் கட்டில் போட்டோம். நான் முதுகைத் திருப்பினால் எழுந்துவிடுவாள். பிடித்துப் படுக்கவைத்தால் கத்துவாள். கத்தினால் மூச்சு வாங்கும். அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

ஒரு காலையில் கொல்லையில் அரிசி புடைத்தேன். சிந்திய நொய்யைக் கொத்த ஒரு மணிப்புறா இறங்கியது. வனஜா எக்கி எழுந்தாள். பறந்துவிட்டது.

"நீ அசைஞ்ச, அது போயிடுச்சு" என்றேன்.

மறுபடி வந்தபோது அவள் அசையவில்லை. அது கொத்தி முடிக்கும்வரை படுத்தபடியே பார்த்தாள். மருந்தாலும் மிரட்டலாலும் ஆகாத காரியம். இனி இந்தக் கொல்லை பறவைகளுக்குத்தான் என்று முடிவு செய்தேன்.

என் கணவரும் துணைக்கு வந்தார். அறுந்த சரிகை இழைகளைக் கொத்தாகக் கட்டிக் கொய்யாக் கிளையெங்கும் தொங்கவிட்டார். "பளபளன்னு இருந்தா தானா வரும் பாரு." அதன்பின் ஒரு சிட்டுக்குருவிகூட எட்டிப்பார்க்கவில்லை. நான் தாமல் கிராமத்தில் வயலோரம் வளர்ந்தவள். அவர் செய்த வேலையைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன்.

"எங்க கம்புக் கொல்லையில பறவைய வெரட்டத்தான் இப்படி மினுமினுன்னு கட்டுவோம்!"

"தறிய தவிர நான் என்னாத்த கண்டேன்?"

"பறவைக்கு முகூர்த்தப் புடவ நெய்யறாருமா" என்றாள் வனஜா. காய்ச்சலுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் கேலி.

சரிகையை அவிழ்த்தோம். பூனை பதுங்க முடியாத வெட்டவெளியில் கம்பும் நொய்யும் இறைத்தேன். ஆழமில்லாத மண்தட்டில் தண்ணீர் வைத்தேன். கொய்யா மரத்தடியைப் பெருக்குவதை நிறுத்தினேன். சருகு சேரச் சேர, பூச்சி தேடித் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து ஒவ்வோர் இலையாகப் புரட்டின.

ஒருநாள் என் நாத்தனார் விளக்குமாற்றோடு இறங்கினாள்.

"கொல்லைய குப்பையா போட்டுக்கினு இருக்கிறீங்களே அண்ணி! புறா அழுவுறது காதுல விழலையா? நோயாளி இருக்கிற வூட்டுக்கு ஆவாது. வெரட்டிவுடுங்க."

"அழுவட்டும். என் பொண்ணுக்குப் பதிலா அது அழுவட்டும். நீ விளக்குமாத்த கீழ போடு."

"ஏதாவது ஒண்ணு ஆனா?"

"ஆவாது" என்றேன். அவள் கண் முன்னாலேயே இன்னொரு பிடி கம்பை இறைத்தேன். கட்டிலிலிருந்து வனஜா, "அத்த, அசையாதீங்க, வருது" என்றாள். நாத்தனார் அப்படியே நின்றுவிட்டாள்.

மழைக்காலம் முடிந்தபின் மருத்துவர் மீண்டும் குழாய் வைத்துக் கேட்டார். கசிவு போகவில்லை, ஆனால் கூடவுமில்லை. மாதம் தவறாமல் பெனிசிலின் ஊசி. கொல்லைவரை நடக்கலாம்.

என் கையைப் பிடித்துப் பின்வாசற்படி இறங்கியவள், கையை விட்டாள். குச்சிக் கால்கள் தடுமாறின. அடுத்த அடி வைத்ததும் புறா, மைனா, தவிட்டுக்குருவி எல்லாம் ஒரே வீச்சில் பறந்தன. கொல்லை காலியானது. அழப்போகிறாள் என்று பயந்தேன்.

"பாத்தியாமா?" என்றாள் தலைநிமிர்ந்து. "நான் நடந்து வந்தா பறக்குதுங்க!"

எனக்கு மாதம் என்பது இப்போது ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிவரை. அவள் வேகமாக நடந்தால் என் மார்பு அடித்துக்கொள்கிறது. பயம் போய்விட்டதென்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். அடுப்படியில் இருக்கும்போது கொல்லையில் சட்டென்று சிறகடிப்பு எழும். அவள் எழுந்துவிட்டாள் என்று தெரிந்துகொள்வேன். ஓடிப்போய்ப் பார்ப்பதில்லை. கம்பை மறுபடி இறைத்தால் பறவைகள் வந்துவிடும்.