கொலுவில் ஏறிய பறக்கும் படகு

ராமசுப்ரமணியன் சார் போய் வருகிற ஐப்பசியோடு இரண்டு வருடம். எங்கள் அமெரிக்க ஊரான ஃப்ரீமான்ட்டில் அவரை நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு. சிப் கம்பெனியில் முப்பது வருடம் வேலை பார்த்தார், ரிடையர் ஆனார், கார் நிற்க வேண்டிய கராஜில் விமான பொம்மை செய்தார். ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நவராத்திரிக்கு அவர் வீட்டுக்குச் சுண்டல் செய்து கொடுத்தவன் என்பதால் எனக்கு ஒரு பிடி அதிகமாகத் தெரியும்.

எல்லா விமானத்தையும் அவர் மதிக்க மாட்டார். இரண்டு உலகப் போருக்கு நடுவில் கடற்படைக்காரர்கள் ஓட்டிய பறக்கும் படகுகள்தான் அவருக்கு விமானம். அடிப்பாகம் படகு. மேலே இரண்டு அடுக்கு இறக்கை, துணி போர்த்தியது. தண்ணீரிலேயே கிளம்பும், தண்ணீரிலேயே இறங்கும். 1925இல் அப்படி ஒன்று, இங்கே பக்கத்தில் இருக்கிற சான் பாப்லோ விரிகுடாவில் இருந்து ஹவாய்க்குக் கிளம்பியது. பாதிக்கு மேல் போனபிறகு பெட்ரோல் தீர்ந்து கடலில் இறங்கிவிட்டது. உள்ளே ஐந்து பேர். தேடின கப்பல் எதன் கண்ணிலும் படவில்லை. கீழ் இறக்கைத் துணியைக் கிழித்துப் பாய் கட்டினார்கள். விமானத்தைப் படகாகவே ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அதைத்தான் சார் இரண்டடி நீளத்துக்கு மூன்று வருடம் உட்கார்ந்து செய்தார். பாய்க்குத் தன் பழைய வேட்டியை வெட்டினார். கீழ் இறக்கை வெறும் எலும்பு. கொலுவில் வைத்தால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று அவருக்கு ஆசை. கராஜுக்குள் யார் எட்டிப் பார்த்தார்கள்?

செய்து முடித்த வருடம் நவராத்திரி முதல் நாள் மதியம் நான் சுண்டல் பாத்திரத்தோடு போனால், கைக்குழந்தையைப் போல அதை ஏந்திக்கொண்டு நிற்கிறார். அவர் மனைவி ராஜலக்ஷ்மி மாமி கொலுப்படிக்குக் குறுக்கே நிற்கிறார்.

“பின்னமானத கொலுவுல வெக்கப்படாது. அந்தக் கீழ் ரெக்கைக்கு ஒரு துணிய ஒட்டிண்டு வாங்கோ, வெச்சுக்கலாம்.”

துணியை ஒட்டிவிட்டால் அவர்கள் பாய்க்கு எங்கே போவார்கள் என்று சார் கேட்டார். பொம்மைதானே என்றார் மாமி. சார் முகம் சுண்டிவிட்டது. எனக்கும் வாய் சும்மா இருக்காது.

“மாமி, அஞ்சு பேரும் உசுரோட கரை சேந்துட்டாங்களாம்.”

“உனக்கும் சொல்லியாச்சா? நீ சுண்டல உள்ள கொண்டு வை.” பிறகு மாமி சார் பக்கம் திரும்பினார். “கரை சேர எத்தன நாளாச்சு?”

“ஒம்பது நாள், ராஜி. கரைகிட்ட வந்தப்புறம்தான் நேவியே கண்டுபிடிச்சுது.”

“நவராத்திரி கணக்கா ஒம்பது நாளா?” என்றார் மாமி. அப்புறம் கீழ்ப்படியில் செட்டியார் பொம்மையையும் அவர் மளிகைக் கடையையும் ஓரமாகத் தள்ளி இடம் பண்ணினார்.

அந்த வருடம் வெற்றிலை பாக்கு வாங்க வந்த ஒருவரையும் சார் விடவில்லை. ஏன் கிழிந்திருக்கிறது என்று அவர்கள் கேட்க வேண்டும், அதற்காகவே காத்திருப்பார். ஐந்தாம் நாள் தொண்டை கட்டிக்கொண்டது. அதற்கப்புறம் மாமிதான் சொன்னார். பெட்ரோல் தீர்ந்த இடத்தை மாமி தப்பாகச் சொல்லும்போதெல்லாம், சோபாவில் இருந்தபடியே சார் விரலை ஆட்டித் திருத்துவார்.