நீட்டிய கைகள்

என் அண்ணன் வாழ்நாளில் ஒரு பீர் குடித்ததில்லை. அவர் ஈரலைத் தின்றது ஹெபடைடிஸ் பி கிருமி. இதை நாங்கள் குடியிருக்கும் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் எத்தனை பேருக்கு விளக்குவது? முகத்துக்கு நேரே தலையாட்டுவார்கள். லிப்ட் கதவு மூடுமுன், "தண்ணி கேஸ்லா" என்று தீர்ப்பு வந்துவிடும்.

நான் மருத்துவமனைப் பதிவேட்டு அலுவலகத்தில் காலந்தள்ளி ஓய்வு பெற்றவன். இரு வாரத்துக்கு ஒருமுறை அண்ணனின் வயிற்றில் தேங்கும் நீரை ஊசி குத்தி வடிக்க வேண்டும். எந்த கவுண்டரில் எந்தத் தாள், எந்தத் தாதியிடம் கேள்வி கேட்கக் கூடாது, எல்லாம் எனக்கு அத்துப்படி. மருந்து நேரங்களை அட்டவணை போட்டு வீட்டில் ஒட்டியவனும் நானே. லாக்டுலோஸ் பாகு, தினம் மூன்று வேளை. எதற்கென்று எழுதவில்லை. குமாஸ்தா புத்தி.

அந்தப் பாகு மலத்தை இளக்கும். தினமும் இரண்டு மூன்று தடவை போயே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஈரல் சுத்தம் செய்யாத அம்மோனியா விஷம் மூளைக்கு ஏறும். அண்ணிக்கோ அது வெறும் வயிற்றுப்போக்கு. சனிக்கிழமை ஜெபக்குழு அண்ணனுக்காக வீட்டுக்கு வருவதாக இருந்தது. ஜெபத்தின் நடுவே அவர் எழுந்து ஓடினால் மரியாதையில்லை என்று, வியாழனே பாகை நிறுத்திவிட்டார்.

குழுத் தலைவர் காப்புறுதி பாலிசி விற்பவர். ஆண்டவரையும் அதே குரலில் விற்றார். அண்ணன் குடிக்காத குடிக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு முடித்து, எல்லோரையும் கைகளை நீட்டச் சொன்னார். அண்ணனும் நீட்டினார். மணிக்கட்டுகள் கோழிச் சிறகுபோல் படபடத்தன. ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று இரண்டு பெண்கள் விம்மினார்கள். வார்டுகளில் கோப்பு சுமந்த காலத்தில், விஷம் தலைக்கேறிய ஈரல் நோயாளிகளிடம் நான் பார்த்த கை அது. அருகே போய் இன்று என்ன கிழமை என்று கேட்டேன். லிப்ட் ரிப்பேருக்கு வந்தீங்களா என்றார் அண்ணன்.

"அண்ணி, பாகு குடுத்தீங்களா?"

"ஜெபம் முடியட்டும்னு நிறுத்தி வச்சேன் தம்பி. மூணு நாளா."

"ஆவியானவர் வேலை செய்யறப்ப குறுக்க வராதீங்க பிரதர்" என்றார் தலைவர்.

"வேலை செய்யறது அம்மோனியா. உங்க கார எடுங்க."

எடுத்தார். வழியெல்லாம் பாடிக்கொண்டே ஓட்டினார்.

வார்டில் எனிமா மேல் எனிமா. இரண்டு நாள் அண்ணன் தன் மனைவியை "சிஸ்டர்" என்றே கூப்பிட்டார். அண்ணி அதற்கும் பதில் சொல்லிக்கொண்டு கட்டிலருகிலேயே நின்றார். மூன்றாம் நாள் காலை டாக்டர் கைகளை நீட்டச் சொன்னபோது அவை அசையாமல் நின்றன. அண்ணன் திரும்பிப் பார்த்து, "நீ சாப்டியாமா?" என்றார். அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

கட்டில் காலடியில் நின்ற தலைவர் அற்புதம் நடந்ததாக யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். எனிமா கொடுத்த தாதிக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. நானும்தான்.