பாதிக்குப் பாதி

கொரியாவின் தோங்யோங் துறைமுகத்துச் சிப்பிக் கொட்டகையில் கும்-ரானை விட வேகமாக ஓடு பிளக்கிறவர்கள் உண்டு. அவளைப் போல வாயடிக்க ஆளில்லை. கழுத்துத் தழும்பைக் காட்டி, "முத்து மாலைக்கு இடம் பாத்து வெச்சிருக்கேன்டி" என்பாள். தம்பி சாங்-பேயின் பேரை யாராவது எடுத்தால் மட்டும் கையிலிருக்கும் கத்தி நின்றுவிடும்.

அவர்களுடைய அம்மாவுக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கும், வேர்த்துக் கொட்டும். கோபக்காரி என்று ஊர் சொன்னது. பித்தப்பைக் கல்லை எடுக்க மயக்கமருந்து கொடுத்ததும் அந்த மேசையிலேயே போய்விட்டாள். வருடங்கள் கழித்துக் கும்-ரானுக்கும் அதே படபடப்பு. சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பியில் ஒரு கட்டி, தைராய்டில் இன்னொன்று. இரண்டையும் எடுத்த பிறகு டாக்டர் சொன்னார்: "இது உங்க அம்மா வழியா வந்தது. மயக்கமருந்துல அவங்க போனதும் இதாலதான் இருக்கும். தம்பிக்கும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. ரத்தம் குடுத்துப் பாக்கச் சொல்லுங்க."

கொஜே கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்த தம்பி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பயந்துபோன கும்-ரான், அவள் சொன்னாலாவது கேட்பான் என்று, அவன் கட்டிக்கொள்ள இருந்த பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னாள். கல்யாணம் நின்றது.

"எனக்கு அக்காவே இல்ல" என்று போனை வைத்தான்.

அதற்குப் பிறகு அவன் பிறந்தநாளுக்கெல்லாம் ஊர் வழக்கப்படி கடற்பாசி சூப் வைத்து, எதிரே ஒரு கிண்ணம் ஊற்றி, ஆறியதும் அதையும் தானே குடிப்பாள். போன் செய்வாள். மணி அடித்து ஓயும். நம்பரை மாற்றவில்லையே, அதுவே போதும் என்றிருப்பாள்.

அம்மா செத்த வயது அவனுக்கும் வந்த குளிர்காலத்தில், கொட்டகை வாசலில் வந்து நின்றான். காதோரம் நரைத்திருந்தது.

"அக்கா."

"சாப்ட்டியா?" என்றாள்.

"ரத்தம் குடுத்துப் பாத்தேன். எனக்கு இல்லியாம்."

"நல்லா இருடா!" என்று சிரித்தாள். அவன் சிப்பிக் கூடைமேல் உட்கார்ந்து அழுதான்.

"இல்லாத ஒண்ணுக்குப் பயந்து உங்களத் தொலைச்சுட்டேன். உங்களுக்கு மட்டும் ஏன்க்கா?"

"மூத்தவ இல்லியா? முந்திக்கிட்டு வாங்கிட்டேன்."

சாயங்கால பஸ்ஸில் அவன் கிளம்பினான். இருந்துவிட்டுப் போடா என்று சொல்ல நினைத்தவள், மறுநாள் அவனுக்கு வேலை என்று கேட்டதும் சொல்லவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் போன் செய்கிறான். மாத்திரை போட்டீங்களா, குளிர் எப்படி என்று பன்மை போட்டு விசாரிக்கிறான். அவளும் பதில் சொல்கிறாள். முன்பெல்லாம் 'போடி' என்று சண்டைக்கு வருவானே, அந்தத் தம்பி ஒருமுறை பேசமாட்டானா என்று அவன் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருக்கிறாள்.